முன் சக்கரத்தில் நீலப் புள்ளி

அத்தியாயம் மூன்று

பிரேக் பிடிக்காமல் போன காரைப் பார்க்க, பிரேக் சரியாகப் பிடிக்காத ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள் இருவரும்.

"காலை ஊணி நிறுத்தியே என் செருப்பு தேஞ்சு போச்சு அண்ணி," என்றான் ஊசி. "இந்தக் கேஸ் முடிஞ்சதும் வண்டிக்கு ஒரு பிரேக் வாங்கிடலாம். இல்லேன்னா எனக்கு ஒரு செருப்பு."

"செருப்பு தான் மலிவு," என்றாள் அண்ணி.

ஊசி என்பது அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் இல்லை. ஆள் ஒல்லி, பேச்சு குத்தும், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். அண்ணி அவனுடைய அண்ணன் மனைவி. ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் இடிபட்ட கார்களைப் பார்த்துப் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, இப்போது வீட்டு முன்னறையில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறாள். எந்த வேலையிலும் நிலைக்காத கொழுந்தன் அவளுக்கு உதவியாளன். சம்பளம் மூன்று வேளை சாப்பாடு. அதைச் சமைப்பது அண்ணன்.

போலீஸ் ஸ்டேஷன் பின்புறத்தில் கார் நின்றிருந்தது. எலுமிச்சை மஞ்சள் நிறம், தாழ்ந்த முதுகு, வெள்ளை ரிம். வேகத்துக்கென்றே செய்த வண்டி. இப்போது அதன் மூக்கு மட்டும் கசக்கிய காகிதம் போல இருந்தது.

"வாங்க மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர், இடது கன்னத்தை உள்ளங்கையில் ஏந்தியபடி. ஏதோ ஆழ்ந்த யோசனையில் இருக்கிறார் என்று ஊசி நினைத்தான். பல்வலி என்று அடுத்த வார்த்தையில் தெரிந்தது.

"டாக்டர்கிட்ட காட்டலியா சார்?"

"இங்க இருக்கிற நல்ல பல் டாக்டரே ரெண்டு பேர் தான். புருஷன் பொண்டாட்டி. அந்தப் புருஷன் தான் இந்தக் கார்க்காரர். புகார் குடுத்தவர் முன்னாடி போய் வாயைத் திறந்து காட்டினா நல்லாவா இருக்கும்?"

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் டாக்டர் தன் மாமனாரை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினார். வீடு ஒரு மேட்டின் உச்சியில். இறக்கத்தின் முதல் வளைவில் பிரேக்கை அழுத்தினார். கார் கொஞ்சம் யோசித்தது. பிறகு வேண்டாம் என்று முடிவு செய்து, எதிர் அடுக்குமாடியின் சுற்றுச்சுவரை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. டாக்டருக்கு நெற்றியில் ஒரு கீறல். மாமனாருக்குக் காறை எலும்பு முறிந்துவிட்டது.

முந்தின வாரம்தான் காருக்குப் புது பிரேக் மாட்டியிருந்தது. மாட்டிய பட்டறைக்காரர் நேற்றிலிருந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இன்று மாலை ஐந்து மணிக்குப் போக்குவரத்து அதிகாரி வந்து பட்டறைக்கு சீல் வைப்பார். அதன்பின் கேஸ், கோர்ட், ஜெயில். காலையில் பட்டறைக்காரரின் மனைவி அண்ணியிடம் வந்து இரண்டே வரி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "அவருக்கு வாய் மட்டும் தாங்க ஜாஸ்தி. கை சுத்தம்."

வாய் ஜாஸ்தி என்பதற்கு உடனே ஆதாரம் கிடைத்தது.

"மூணு மாசம் மேடம்," என்றார் பட்டறைக்காரர், பெஞ்சிலிருந்து எழாமலே. "மூணு மாசம் அந்த டாக்டர் என் உயிரை எடுத்தார். ஓட்டை போட்ட டிஸ்க்கா, கோடு போட்ட டிஸ்க்கா, ஒண்ணும் போடாத டிஸ்க்கான்னு. நான் சொன்னேன், ஓட்டை போட்டது பார்க்க அழகு, கோடு போட்டது மலையிறங்க, ஒண்ணும் போடாதது குடும்பத்துக்கு. கோடு போட்டதை எடுத்தார். சரின்னு விட்டேன். அப்புறம் பேடு வந்துச்சு பாருங்க."

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டு. அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்துகிற கட்டைகள்தான் பேடு. இது ஊசிக்கே தெரியும். அவன் ஸ்கூட்டரில் அந்தக் கட்டைகள் இருந்த இடத்தில் இப்போது அவை பற்றிய நினைவு மட்டுமே இருந்தது.

"டாக்டருக்கு ரேஸ் பேடு வேணுமாம். உங்க வீட்டுக்கும் கிளினிக்குக்கும் நடுவுல எங்க சார் ரேஸ் நடக்குதுன்னு கேட்டேன்."

"தனியாவா கேட்டீங்க?" என்றாள் அண்ணி.

"பட்டறை நிறைய ஆளுங்க. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

"அப்புறம்?"

"அவர் மூஞ்சி சுருங்கிடுச்சு. சரி, தெருவுல ஓட்டற பேடையே மாட்டுங்கன்னுட்டார். மாட்டினேன். சத்தம் வராது, தூசி வராது. ஒரு வருஷம் ஓட்டினாலும் அந்த வெள்ளை ரிம் வெள்ளையாவே இருக்கும். என் பேரை வெச்சு சொல்றேன்."

"பேரை இப்ப வெக்காதீங்க. ஏற்கனவே எஃப்.ஐ.ஆர்ல வெச்சிருக்காங்க," என்றான் ஊசி.

அண்ணி காரைச் சுற்றி வந்தாள். பின் சக்கரங்களின் ரிம் பால் வெள்ளை. முன் சக்கரங்களைக் கழற்றிப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். அவற்றின் ரிம் மட்டும் கரி பூசியது போல இருந்தது.

"முன் ரெண்டும் அடுப்படியில வேலை பார்த்திருக்கு போல," என்றான் ஊசி.

அண்ணி, இன்ஸ்பெக்டரின் ஆள் கழற்றி வைத்திருந்த பேடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். விளிம்பெல்லாம் புது ரப்பர் போலக் கூர்மையாக இருந்தன. டிஸ்க்கில் உரச வேண்டிய முகத்தில், இங்கும் அங்கும் நீலப் புள்ளிகள். விரலால் தொட்டாள். நீலம் விரலில் ஒட்டிக்கொண்டது.

"பேனா கசிஞ்சிருக்கும்," என்றான் ஊசி.

"நாலு பேடுலயும் ஒரே அளவா கசியற பேனா எங்க கிடைக்குதுன்னு கேட்டுச் சொல்லு." போனில் படம் எடுத்துக்கொண்டாள். "சார், காரை எப்படிக் கொண்டு வந்தீங்க?"

"லாரி மேல ஏத்தி. சக்கரம் தரையில படவே இல்லை."

"அதான் இது அழியாம இருக்கு. டிஸ்க் ஒரு சுத்து சுத்தியிருந்தா இந்த மை போயிருக்கும்."

இன்ஸ்பெக்டர் கன்னத்தை மாற்றி ஏந்தினார். பிறகு வலி அந்தப் பக்கம் இல்லை என்று நினைவு வந்து பழைய பக்கத்துக்கே திரும்பினார். "அந்த டாக்டரும் ஒரு நிலையில நிக்க மாட்டேங்கறார் மேடம். முதல்ல ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணி, அந்த ஆள் எனக்குத் தெரியாம ரேஸ் பேடு மாட்டிட்டான்னார். கழட்டிப் பார்த்தா பில்லுல இருக்கிற அதே தெரு பேடு. அதைச் சொன்னதும் லைன்ல ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், அப்ப மாட்டின விதம் சரியில்லைன்னார். வலியில இருக்கிறவர், போகட்டும்."

"வலி மாமனாருக்குத் தானே?" என்றாள் அண்ணி.

இன்ஸ்பெக்டர் அதை யோசிக்க ஆரம்பித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

*

சுவரில் கார் போன ஓட்டை அப்படியே இருந்தது. அடுக்குமாடிக்காரர்கள் அதன் வழியாக வரவும் போகவும் பழகியிருந்தார்கள்.

"முன்னாடி கேட்டுக்குச் சுத்திக்கிட்டுப் போகணும். இப்ப சௌகரியம்," என்றார் வாட்ச்மேன். ஓட்டைக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு அதையும் தன் காவலில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி மேட்டைப் பார்த்தாள். மேலே டாக்டர் வீட்டு கேட், நேர் இறக்கம், கீழே வளைவு. "டாக்டர் எப்பவும் இப்படித் தான் வேகமா வருவாரா?"

"வேகம் எல்லாம் இல்லைங்க. ஆனா ஒரு வாரமா காலையில ஒரு கூத்து நடந்துச்சு. கிளினிக்குக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி மேல இருக்கிற சமதரையில அங்கயும் இங்கயுமா ஓட்டுவார். ஓட்டி ஓட்டி பிரேக் போடுவார். ஒவ்வொரு தடவையும் வண்டி கத்தும் பாருங்க, மூணாவது மாடி அம்மா ஜன்னலை அறைஞ்சு சாத்துவாங்க. கொஞ்ச நேரத்துல கத்தல் நின்னுடும். அப்புறம் தான் இறக்கத்துல இறங்குவார். புதுசா ஏதோ மாட்டியிருக்கார், ஊருக்குக் காட்டிக்கிறார்னு நினைச்சோம்."

"ஞாயித்துக்கிழமையும் அப்படி ஓட்டினாரா?"

"மாமனார் பக்கத்துல உட்கார்ந்திருக்கார். அந்தப் பெரியவர் முன்னாடி இந்த ஆட்டம் எல்லாம் போட முடியுங்களா? நேரா கிளம்பினார். நேரா வந்தார்." வாட்ச்மேன் ஓட்டையைக் காட்டினார். "நேரா உள்ள வந்தார்."

அண்ணியின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. ஊசிக்கு அது தெரியும். கணக்கில் ஒரு பக்கம் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

"தெரு பேடு கத்தாதுன்னு பட்டறைக்காரர் சொன்னார் இல்ல?" என்றாள். "கத்தறது ரேஸ் பேடு. கரித்தூசி கொட்டறதும் அதுதான். அதுக்கு ஒரு குணம் உண்டு. சூடேறினாத் தான் கவ்வும். ரேஸ்ல மறுபடி மறுபடி பிரேக் போட்டுட்டே இருப்பாங்க, அதனால சூடாவே இருக்கும். காலையில வீட்டை விட்டு எடுக்கிற கார்ல சும்மா வழுக்கும்."

"எங்க அண்ணன் ரகம்னு சொல்லுங்க. ரெண்டு டீ உள்ள போற வரைக்கும் எதையும் பிடிக்க மாட்டார்."

"அதனாலதான் டாக்டர் தினமும் சூடேத்திட்டு இறங்கியிருக்கார். அன்னைக்கு மாமனார் இருந்ததால சூடேத்தலை."

ஊசிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்ப கேஸ் முடிஞ்சுது. பட்டறையில சிரிச்சாங்கன்னு கோவம். வீட்டுக்கு வந்து தானே ரேஸ் பேடை மாட்டிக்கிட்டார். இடிச்சதும் பயந்து போய் அதைக் கழட்டிட்டு, பழைய தெரு பேடைத் திரும்ப மாட்டிட்டார். நடங்க, டீ குடிக்கலாம்."

"எப்ப மாட்டினார்?"

"இடிச்ச உடனே."

அண்ணி வாட்ச்மேன் பக்கம் திரும்பினாள். "இடிச்ச உடனே டாக்டர் எங்க இருந்தாருங்க?"

"ஆம்புலன்ஸ்ல. மாமனார் கூடவே ஏறிட்டார். சாயங்காலம் தான் திரும்பி வந்தார். அதுக்குள்ள போலீஸ் காரை எடுத்துட்டுப் போயிட்டாங்க. போலீஸ் வர்றதுக்கு முன்னாடி காரை நாங்க தான் மேல தள்ளிக்கிட்டுப் போய் அவங்க போர்ட்டிகோவுல விட்டோம்."

ஊசியின் டீ ஆறிப்போனது, வாங்குவதற்கு முன்பே.

"இன்னொண்ணு," என்றாள் அண்ணி அவனிடம். "ரேஸ் பேடைக் கழட்டி ஒளிச்சு வெச்சவர், போலீசுக்குப் போன் பண்ணி உள்ள ரேஸ் பேடு இருக்குன்னு ஏன் சொல்லணும்? ஒளிச்சவனே கூப்பிட்டுக் காட்டுவானா? அவர் போன் பண்ணும்போது அது உள்ள இருக்குன்னு முழுசா நம்பியிருக்கார். மாட்டினது அவர். மாத்தினது அவருக்கே தெரியாத ஆள்."

"வீட்டுல வேற யாரு?"

"டாக்டரம்மா மட்டும் தாங்க," என்றார் வாட்ச்மேன். "பாவம், அவங்க உண்டு, கிளினிக் உண்டு. ஞாயித்துக்கிழமை கூட வேலைக்குப் போவாங்க. அன்னைக்கும் பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டு இருந்தாங்க, அதுக்குள்ள இப்படி ஆயிடுச்சு. போலீஸ் வந்து போனப்புறம் தான் கிளினிக்குக்குப் போனாங்க. மனசு தளர்ந்துடுச்சு போல. வழக்கமா தோள்ல போட்டுட்டுப் போற பையை ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு நடந்தாங்க. கார் விஷயம் எல்லாம் அவங்களுக்கு எதுவும் தெரியாது. பெட்ரோல் மூடி எந்தப் பக்கம்னு கேட்டாலே முழிப்பாங்க."

"அப்ப அவங்க இல்லை," என்றான் ஊசி. "பெட்ரோல் மூடி தெரியாதவங்க பேடை மாத்துவாங்களா? யாரோ பின் சுவர் ஏறிக் குதிச்சு வந்திருக்கான்."

அண்ணி வலது கன்னத்தைத் தடவிக்கொண்டாள். "எனக்குக் கடைவாய்ப் பல்லு ஒண்ணு உறுத்துது."

"இப்பவா?"

"ரொம்ப நாளா. இப்பத்தான் நேரம் கிடைச்சிருக்கு." போனை எடுத்தாள். "சார், உங்க பல்லுக்கு இன்னைக்கு ஒரு வழி பண்ணலாம். யூனிஃபார்ம் வேண்டாம். பட்டறைக்காரரை வெளியில ஜீப்லயே உட்கார வெச்சிடுங்க."

*

கிளினிக்கின் காத்திருப்பு அறையில் இன்ஸ்பெக்டர் ஒரு பழைய பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். கட்டம் போட்ட சட்டையில் அவர் இன்னும் அதிகமாக போலீஸ்காரர் போல இருந்தார்.

உள்ளே இரண்டு அறைகள். ஒன்றில் டாக்டர், பல்செட் அளவெடுப்பவர். இன்னொன்றில் டாக்டரம்மா, பல்லை அடைப்பவர். அண்ணி டாக்டரம்மாவின் நாற்காலியில் சாய்ந்து படுத்தாள். ஊசி சுவரோரம் நின்றான். மருந்து வாசனைக்கே அவன் முகம் வெளுத்திருந்தது.

"பழைய அடைப்பு கொஞ்சம் உடைஞ்சிருக்கு," என்றாள் டாக்டரம்மா. சின்ன உருவம், சின்னக் குரல், அவசரமே இல்லாத கை. குடைந்தாள், அடைத்தாள், வழித்தாள். பிறகு இடுக்கியில் ஒரு மெல்லிய தாளை எடுத்து அண்ணியின் பல்லுக்கு நடுவில் வைத்தாள்.

"கடிங்க. அப்படியே அரைங்க. போதும், வாயைத் திறங்க."

தாள் வெளியே வந்தது. நீலத் தாள். ஊசி எட்டிப் பார்த்தான். வெள்ளை அடைப்பின் மேல் இங்கும் அங்குமாக நீலப் புள்ளிகள்.

அந்த நீலத்தை அவன் இன்று காலையில் பார்த்திருக்கிறான்.

டாக்டரம்மா புள்ளிகளைக் கவனித்து, ஒரு மூலையைத் துளி ராவிவிட்டு, மறுபடி தாளை வைத்தாள்.

"ஒவ்வொரு பல்லுக்கும் இப்படித் தாள் வெச்சுப் பார்ப்பீங்களா டாக்டர்?" என்றாள் அண்ணி, வாயைக் கொப்பளித்த பிறகு.

"பார்க்காம எழுப்பி அனுப்ப மாட்டேன். ரெண்டு பரப்பு எங்க சேருதுன்னு தெரியணும் இல்ல? ஒரு ஓரத்துல மட்டும் பட்டா அந்த ஓரம் மட்டும் தேயும்."

"பல்லைச் சொல்றீங்களா, பேடையா?"

இடுக்கி தட்டில் மெல்ல இறங்கியது. அண்ணி போனை நீட்டினாள். பேடின் முகமும் அதன் நீலப் புள்ளிகளும் திரை நிறைய இருந்தன. டாக்டரம்மா அதைப் பார்த்தாள். தலையைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்தாள்.

"சமமாத் தான் பட்டிருக்கு," என்றாள் தன்னையறியாமல்.

அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"கிளினிக் பை கையிலயே இருந்துச்சு," என்றாள். "பேடை மாட்டிட்டு, நடுவுல இந்தத் தாளை வெச்சு பிரேக்கை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தேன். பார்க்காம மூட மனசு வரலை. துடைக்க மறந்துட்டேன்."

"காரைப் பத்தி உங்களுக்கு எதுவும் தெரியாதுன்னு தெருவே சொல்லுது," என்றான் ஊசி.

"மூணு மாசம் தம்பி. ராத்திரி படுக்கையில உட்கார்ந்து டிஸ்க்கைப் பத்தியும் பேடைப் பத்தியும் சத்தம் போட்டுப் படிப்பார். மாட்டற வீடியோவை ஓட விட்டுட்டுத் தூங்கிடுவார். முழிச்சிருந்து கேட்டது நான். அவர் படிச்சதை எல்லாம் அவர் மறந்துட்டார். எனக்கு மறக்க முடியலை." கையுறையைக் கழற்றினாள். "பட்டறையில இருந்து கார் வந்த மறுநாளே கத்த ஆரம்பிச்சுது. அவரே ரகசியமா மாத்திக்கிட்டார்னு அப்பவே தெரியும். கேட்டா மனசு நோகும்னு விட்டுட்டேன்."

"ஏன் திரும்ப மாட்டினீங்க?"

"எங்க அப்பாவுக்காக."

"அவரைக் காப்பாத்தவா?"

"அவர் ஜெயிக்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னார், இந்தப் பையனுக்கு எது எங்க வேணும்னு தெரியாதும்மான்னு. அப்பா சொல்றது தப்புன்னு கல்யாணம் ஆன நாள்ல இருந்து நிரூபிச்சுட்டு இருக்கேன். கடைத்தெருவுக்குப் போற கார்ல இவர் ரேஸ் பேடு மாட்டினார்னு அப்பாவுக்குத் தெரிஞ்சா எல்லாம் போச்சு. பில்லுல இருக்கிறதே சக்கரத்துலயும் இருந்தா யார் மேலயும் பழி வராது, விபத்துன்னு முடிஞ்சிடும்னு நினைச்சேன்."

"பட்டறைக்காரரை நேத்துல இருந்து பெஞ்சுல உட்கார வெச்சிருக்காங்க. அஞ்சு மணிக்கு அவர் பட்டறைக்கு சீல்," என்றாள் அண்ணி.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "இவர் அவர் மேல புகார் குடுப்பார்னு நான் நினைக்கவே இல்லை. ஏன் குடுத்தீங்கன்னு ராத்திரி முழுக்கக் கேட்டேன். வாயே திறக்கலை."

"இப்பத் திறப்பார்," என்றாள் அண்ணி, கதவைப் பார்த்து.

நெற்றியில் பிளாஸ்திரியும் கையில் யாரோ ஒருவரின் மேல்வரிசைப் பல்செட்டுமாக டாக்டர் வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்பது அவர் குரலில் தெரிந்தது.

"நீயா மாத்தினே?"

"ஆமா."

"ரேஸ் பேடு உள்ள இருக்குங்கற நம்பிக்கையில தானேடி நான் அவன் மேல புகாரே குடுத்தேன். அவன் தான் அதை மாட்டினான்னு சொன்னா யார் மறுப்பா? கச்சிதமா இருந்துச்சு. எல்லாத்தையும் கெடுத்துட்டியே."

பல்செட் மட்டும் எல்லோரையும் பார்த்துச் சிரித்தது.

டாக்டருக்குப் பின்னால் ஒரு கட்டம் போட்ட சட்டை நகர்ந்தது. "அடுத்த நம்பர் நான் தானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

டாக்டர் அவரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியில் கையிலிருந்த பல்செட்டைப் பார்த்தார். அதுவும் உதவவில்லை.

"கழட்டின ரேஸ் பேடு எங்கம்மா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

டாக்டரம்மா எழுந்து, மூலையில் இருந்த, கருவிகளை ஆவியில் சுத்தம் செய்கிற எந்திரத்தின் மூடியைத் திறந்தாள். ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. குறடுகளுக்கும் கண்ணாடிகளுக்கும் நடுவில், பச்சைத் துணியில் சுற்றி, நான்கு பேடுகள்.

"ஒளிச்சு வெக்க வேற இடம் தோணலை. உள்ள வெச்சா ஓட விடாம இருக்க முடியலை. கை பழக்கம்," என்றாள்.

ஊசி ஒன்றைத் தொட்டுவிட்டு விரலை உதறினான். "நல்லா சூடேறியிருக்கு அண்ணி. ஞாயித்துக்கிழமை காலையில இந்தச் சூடு இருந்திருந்தா அந்தச் சுவர் நின்னிருக்கும்."

இன்ஸ்பெக்டர் பொய்ப் புகார் என்றால் சட்டம் என்ன சொல்கிறது என்று ஆரம்பித்தார். பாதியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா நாற்காலியைக் காட்டினாள்.

"உட்காருங்க சார். இதை முடிச்சிட்டே போயிடலாம்."

*

ஐந்து மணிக்குப் போக்குவரத்து அதிகாரி சீலும் அரக்குமாகப் பட்டறைக்கு வந்தபோது, சீல் வைக்க எதுவும் இல்லை. வந்ததற்கு ஒரு டீ குடிக்கிறேன் என்று கவிழ்த்துப் போட்ட டயரின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

பட்டறைக்காரர் ஜீப்பிலிருந்து இறங்கி முதலில் பூட்டிய கதவைத் தொட்டுப் பார்த்தார். மனைவி சாவியை நீட்டினாள். கதவைத் திறந்து உள்ளே ஒரு சுற்று சுற்றி வந்தார். ஸ்பேனர்கள் அவை அவை இருந்த இடத்தில் இருப்பதைப் பார்த்ததும்தான் அவருக்குப் பேச்சு வந்தது.

"டாக்டரம்மா மாட்டினதை ஸ்டேஷன்லயே பார்த்தேன் மேடம். நான் மாட்டினதுன்னே நினைச்சுட்டேன். ஒரு குறை சொல்றதுக்கில்லை."

"டாக்டரைப் பத்தி?" என்றாள் அண்ணி.

"அதைத் தான் இன்ஸ்பெக்டர் என்னைக் கேக்கறார். பொய்ப் புகார்னு கேஸ் போடவா வேண்டாமான்னு."

மரத்துப்போன கன்னத்தோடு இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். பேசினால் எச்சில் வழிந்தது.

டாக்டர் பட்டறை வாசலில் நின்றிருந்தார். பக்கத்தில் மனைவி. எதிர்ச் சாரியில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. தோளில் கட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் மெதுவாக இறங்கி, நிழலாகப் பார்த்து நின்றுகொண்டார். டாக்டரம்மா அவரைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

"எலும்பு முறிஞ்சவர் படுக்க வேண்டாமா?" என்று ஊசி கிசுகிசுத்தான்.

"இதுக்கு வராம எப்படிப் படுப்பார்?" என்றாள் அண்ணி.

பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டார். "கேஸ் எல்லாம் வேண்டாம் சார். எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். அன்னைக்கு என் பட்டறையில எல்லார் முன்னாடியும் இவருக்கு ரேஸ் பேடு வேண்டாம்னு சொன்னேன். இன்னைக்கு எல்லார் முன்னாடியும், நீ சொன்னது சரின்னு இவர் ஒரு வார்த்தை சொல்லட்டும்."

டாக்டர் நெடுநேரம் யோசித்தார். பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்.

"பொய்ப் புகாருக்கு ஜெயில்ல எத்தனை நாள் சார் வரும்?"

"என்னங்க," என்றாள் டாக்டரம்மா. கிளினிக்கில் கேட்ட அதே சின்னக் குரல்தான். ஆனால் பட்டறையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

டாக்டர் பட்டறைக்குள் வந்தார். பட்டறைக்காரர் யாருக்கோ கைகாட்ட, காற்றடிக்கிற எந்திரம் ஓய்ந்தது. பிறகு சுத்தியல் ஓய்ந்தது. போக்குவரத்து அதிகாரி டீயை உறிஞ்சுவதை நிறுத்தினார். எதிர்ச் சாரியில் பெரியவர் நல்ல காதை இந்தப் பக்கம் திருப்பினார்.

டாக்டர் உதட்டுக்குள் ஏதோ சொன்னார்.

பட்டறைக்காரர் அவர் அருகில் போய், முழங்காலில் கையூன்றிக் குனிந்து, மிகுந்த பரிவோடு அவர் முகத்தைப் பார்த்தார்.

"பயப்படாதீங்க டாக்டர், ஒரு நிமிஷ வேலை," என்றார். "வாயை இன்னும் கொஞ்சம் பெரிசாத் திறங்க."